தாது வருஷப் பஞ்சம்: மழை பொய்த்தது சரி... லட்சக்கணக்கானோர் செத்தது எதனால்?

சென்னையில் பறக்கும் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். திருமயிலை, மந்தைவெளிப் பக்கம் தண்டவாளம் ஒரு கறுத்த கால்வாயை ஒட்டியே போகும். மூக்கைப் பொத்திக்கொண்டு போனில் மூழ்கிவிடுவோம். அதுதான் பக்கிங்காம் கால்வாய். பெயரைக் கேட்டால் லண்டன் அரண்மனை ஞாபகத்துக்கு வரும். ஆனால், அரண்மனையைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது.

இந்தக் கால்வாயின் வடக்குப் பகுதி 1806-லேயே தொடங்கிவிட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி மட்டும் 1877-78-ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள், பஞ்சத்தில் எல்லாவற்றையும் இழந்து கூலிக்காக வந்து நின்றவர்கள். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. மண் சுமந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. கவர்னர் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பஞ்சத்துக்குத் தமிழில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று பெயர். நம் 60 ஆண்டுச் சுழற்சியில் 1876-77 தாது வருஷம். (நீங்கள் 1996 சித்திரைக்கும் 1997 பங்குனிக்கும் இடையில் பிறந்தவர் என்றால் நீங்களும் தாது வருஷக்காரர்தான்!) வெள்ளைக்காரன் ஆட்சி என்ன செய்தது என்று பேச ஆரம்பித்தால் ஜாலியன்வாலா பாக், உப்புச் சத்தியாகிரகம் என்று போவோம். நம் பக்கத்திலேயே நடந்த இந்தப் பேரழிவு பெரும்பாலும் பேச்சில் வருவதே இல்லை.

எவ்வளவு பேர் இறந்தார்கள்?

துல்லியமான கணக்கு கிடையாது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேரடியாக உட்பட்ட பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மைசூர், ஹைதராபாத் போன்ற சமஸ்தானங்களையும் சேர்த்தால் 80 லட்சத்தைத் தாண்டும் என்றும், ஒரு கோடியை நெருங்கும் என்றும் கணக்குகள் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். சென்னை மாகாணத்தில் 1871-ல் சுமார் 3.12 கோடி பேர் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1881-ல் சுமார் 3.08 கோடி. கூட வேண்டிய எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டம் இன்னும் மோசம்: 19.6 லட்சத்தில் இருந்து 16 லட்சத்துக்கு வந்துவிட்டது. இறந்தவர்கள் போக, ஊரைவிட்டுப் போனவர்களும் இதில் அடக்கம்.

பெல்லாரி, கர்நூல், கடப்பா, வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், கோயம்புத்தூர், மதுரை என்று அடி விழாத இடங்கள் குறைவு. ஆற்றுப் பாசனம் இருந்த தஞ்சாவூர், கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்கள் ஓரளவு தப்பின.

மழை பெய்யலைன்னா அரசாங்கம் என்ன பண்ண முடியும்?

நியாயமான கேள்வி. 1876-ல் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழைகளும் ஏமாற்றின. 1877-லும் நிலைமை உடனே சரியாகவில்லை. அந்த வருஷங்களில் பசிபிக் கடலில் மிகக் கடுமையான எல் நினோ இருந்ததாக இன்றைய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இந்தியா மட்டுமல்ல, வட சீனாவும் வடகிழக்கு பிரேசிலும் அதே சமயத்தில் காய்ந்தன. பிரிட்டிஷார் வருவதற்கு முன்பும் இந்த நாட்டில் பஞ்சங்கள் வந்திருக்கின்றன. அதையும் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். மழை பொய்த்தால் பயிர் சாகும். மனிதன் சாவதற்கு இன்னும் சில விஷயங்கள் நடக்க வேண்டும். கையில் காசு தீர வேண்டும், விலை எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும், உதவ வேண்டியவர்கள் உதவாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் வானத்தில் முடிவாவதில்லை.

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலின் அடிப்படைக் கருத்தும் இதுதான். ஊரில் உணவு இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்த உணவை வாங்கவோ பெறவோ ஒருவருக்கு வழி இருக்கிறதா என்பதுதான் பஞ்சத்தைத் தீர்மானிக்கிறது.

அப்போ தானியம் இருந்ததா?

இருந்தது. ரயிலில் சென்னை மாகாணத்துக்குள் தானியம் வந்துகொண்டும் இருந்தது. ஆனால் அது வியாபாரிகள் கொண்டுவந்த தானியம், சந்தை விலைக்கு. நிலம் காய்ந்தால் முதலில் வேலை போவது விவசாயக் கூலிகளுக்கு. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கூலியையே தானியமாக வாங்கிப் பழகியவர்கள். வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை, தானியமும் இல்லை. அடுத்த அடி நெசவாளர்களுக்கு. ஏற்கெனவே மான்செஸ்டர் மில் துணியால் நொடித்துப் போயிருந்தார்கள். சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் யார் துணி வாங்குவார்கள்?

இன்னொரு பக்கம், இதே காலத்தில் இந்தியாவில் இருந்து கோதுமையும் அரிசியும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. ஏற்றுமதிக்குத் தடை போட அரசு மறுத்தது.

இதற்குப் பின்னால் இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. தாமஸ் மன்றோ காலத்தில் வேரூன்றிய ரயத்வாரி முறையில் விவசாயி அரசுக்கு நேரடியாக வரி கட்ட வேண்டும், அதுவும் பணமாக. அறுத்த கையோடு விளைச்சலை விற்றால்தான் வரி கட்ட முடியும். குதிரிலும் தானியக் குழியிலும் அடுத்த வருஷத்துக்கென்று கிடக்க வேண்டியது சந்தைக்குப் போனது. நல்ல வருஷத்தில் இது பெரிதாகத் தெரியாது. கெட்ட வருஷம் ஒன்று வந்ததும் வீட்டில் எதுவும் இல்லை என்பது தெரிந்துபோனது.

கல்கத்தாவில் என்ன முடிவெடுத்தார்கள்?

அன்றைய வைஸ்ராய் லிட்டன் பிரபு. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, விலையைக் குறைக்க முயலக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சந்தையைச் சும்மா விட்டால் அதுவே சரி பண்ணிவிடும் என்பது அந்தக் காலத்து லண்டனின் வேதவாக்கு. சென்னை அரசு முன்னெச்சரிக்கையாகத் தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றபோது, மேலிடத்தில் இருந்து கண்டனம்தான் வந்தது.

1877 ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் பிரம்மாண்டமான தர்பார் நடந்தது. விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கும் விழா. ராஜாக்கள், யானைகள், விருந்துகள். பஞ்சம் பற்றி எரிந்துகொண்டிருந்த சென்னை, பம்பாய் மாகாணங்களின் கவர்னர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

விழா முடிந்த கையோடு லிட்டன் ஒருவரைத் தென்னிந்தியாவுக்கு அனுப்பினார். அவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஆள் இவர்தான்.

உயிரைக் காப்பாற்றியதற்குத் திட்டு வாங்கிய அதிகாரி

மூன்று வருஷம் முன்பு, 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தது. அங்கே நிவாரணப் பொறுப்பில் இருந்ததும் இதே டெம்பிள்தான். பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கினார். தாராளமாக நிவாரணம் கொடுத்தார். விளைவு? பட்டினிச் சாவு மிக மிகக் குறைவு. அதாவது, பிரிட்டிஷ் இந்தியாவில் பஞ்சச் சாவைத் தடுக்க முடியும் என்பதை நிரூபித்துக் காட்டினார்.

பாராட்டினார்களா? இல்லை. ‘இவ்வளவு பணத்தை வீணடித்துவிட்டாரே’ என்று விமர்சனம் குவிந்தது. சாவு அதிகம் இல்லாததையே ‘அப்படியொன்றும் பெரிய பஞ்சம் இல்லையே’ என்பதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

அந்தச் சூட்டோடுதான் டெம்பிள் 1877-ல் தெற்கே வந்தார். இந்த முறை சிக்கனம்தான் கட்டளை. நிவாரணப் பட்டியலில் இருந்து பெரும் எண்ணிக்கையில் ஆட்களை நீக்கினார். உதவி வேண்டுமானால் ஊரைவிட்டுப் போய் முகாமில் தங்கி, நாள் முழுக்கக் கல் உடைக்கணும், மண் சுமக்கணும். உண்மையிலேயே பசித்தவன்தானா என்று சோதிப்பதற்காம்! நிற்கவே தெம்பு இல்லாதவர்கள் இந்தச் சோதனையில் எப்படித் தேறுவார்கள்?

450 கிராமா, 680 கிராமா?

டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே சில்லறைக் காசு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். ‘டெம்பிள் கூலி’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கலோரி ஆப் வைத்திருப்பவர்கள் போட்டுப் பாருங்கள். 450 கிராம் அரிசியில் சுமார் 1,600 கலோரி வரும். கடின உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு 3,400 கலோரிக்கு மேல் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் இன்றைய பரிந்துரை. பாதிகூட இல்லை!

இதை அன்றைக்கே ஒருவர் எதிர்த்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர், டாக்டர் கார்னிஷ். அவரும் ஆங்கிலேயர்தான். வேலை செய்கிறவருக்குக் குறைந்தது 680 கிராம் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். இந்த அளவில் சோறு போட்டு வேலை வாங்குவது மெல்லக் கொல்வதற்குச் சமம் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். சிறைக் கைதிக்கே இதைவிட அதிகம் கிடைக்கிறதே என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது.

கார்னிஷ் விடாமல் எழுதியதன் பலனாக, சில வாரங்களில் சென்னை அரசு அளவை ஓரளவு உயர்த்தியது: 570 கிராம் தானியம், கொஞ்சம் பருப்பு. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், மழை திரும்பிய பிறகும் சாவு நிற்கவில்லை. பட்டினியில் உருக்குலைந்த உடம்புகளைக் காலராவும் மலேரியாவும் அள்ளிக்கொண்டு போயின.

அந்தப் போட்டோக்கள்

எலும்பும் தோலுமாக மனிதர்கள் குழுவாக உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கலாம். பல நேரம் 1943 வங்கப் பஞ்சம் என்று குறிப்பு போட்டிருப்பார்கள். அவற்றில் பல, தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. படம் எடுத்தவர் அவர்களுக்கு என்ன உதவி செய்தார் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி, பஞ்சத்தை விரிவாகப் பதிவு செய்து 1878-ல் இரண்டு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். தமிழிலும் பதிவுகள் இருக்கின்றன. வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ இந்தப் பஞ்சத்தைக் கிண்டலும் கண்ணீருமாகப் பாடிய நூல். தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தன் சொத்தைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைப் போற்றி கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு கீர்த்தனையே பாடினார்.

ஊரைவிட்டுப் போனவர்கள்

இருந்தால் சாவு, போனால் பிழைக்கலாம். அப்படிக் கிளம்பியவர்கள் ஏராளம். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு, மலாயாவுக்கு, மொரீஷியஸுக்கு, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு. தமிழர்கள் தோட்ட வேலைக்குப் போவது முன்பே தொடங்கிவிட்டது. பஞ்ச வருஷங்களில் இலங்கைக்குப் போனவர்கள் எண்ணிக்கை எகிறியது. முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும் கங்காணிகளுக்கு அதிகம் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இலங்கையில் இலை நோய் தாக்கிக் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. அங்கேயே தங்கிவிட்டவர்களின் சந்ததிதான் மலையகத் தமிழர்கள். 1948-ல் இலங்கை சுதந்திரமடைந்ததும் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரியிலும் வேறு இடங்களிலும் ‘தாயகம் திரும்பியோர்’ என்று வாழும் குடும்பங்களில் சிலவற்றின் வேர் இந்தப் பஞ்ச காலம் வரை போகும்.

ஆனா ரயில் விட்டது அவங்கதானே?

இந்தப் பேச்சு வந்தாலே கமென்ட்டில் விழும் கேள்வி இது. ரயில் இல்லாவிட்டால் வெளியிலிருந்து வந்த தானியமும் வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் தண்டவாளம் இரண்டு பக்கமும் போகும். விலை அதிகம் கிடைக்கிற இடத்துக்குத் தானியத்தை இழுத்துக்கொண்டு போனதும் அதே ரயில்தான். வாங்கக் காசு இல்லாதவன் ஊரில் ரயில் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன?

செலவு விஷயத்தையும் பார்க்கணும். ஆரம்பகால ரயில் கம்பெனிகளுக்கு 5% வருமானம் உறுதி என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்த அளவுக்கு லாபம் வராவிட்டால், மீதியை இந்தியர்களின் வரிப்பணத்தில் இருந்து கட்டுவார்கள். அந்தப் பணம் லண்டனில் இருந்த முதலீட்டாளர்களுக்குப் போனது. கோதாவரியில் தவுலேஸ்வரம் அணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குப் போடுங்கள் என்று வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார். பாசனம் இருந்த டெல்டாக்கள் தப்பியது அவர் சொன்னதற்குச் சாட்சி.

இந்தியாவின் செல்வம் எப்படி வெளியே போகிறது என்று தாதாபாய் நவுரோஜி கணக்குப் போட்டுக் காட்டத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ஆட்சியில் நமக்கும் குரல் வேண்டும் என்று படித்த இந்தியர்கள் கேட்கத் தொடங்கியதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம். 1885-ல் காங்கிரஸ் பிறந்தது.

பஞ்சத்துக்குப் பிறகு என்ன மாறியது?

சில விஷயங்கள் மாறின. 1878-ல் பஞ்ச ஆணையம் அமைத்தார்கள். 1880-ல் அறிக்கை வந்தது. அதிலிருந்து ‘பஞ்ச விதித்தொகுப்பு’ உருவானது. விலை ஏறுகிறதா, மக்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா என்று பார்த்து முன்கூட்டியே நடவடிக்கை எடுக்கணும். உடம்பில் வலு உள்ளவருக்கு வேலையும் கூலியும், முடியாதவருக்கு இலவச உணவு. பருவமழையை முன்கூட்டியே கணிக்கும் முயற்சியும் வேகம் பிடித்தது. 1880-களில் வானிலைத் துறை முன்கணிப்பு வெளியிடத் தொடங்கியது. பென்னிகுயிக் 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணைக்கும் இந்தப் பஞ்சம் ஓர் உந்துதல்.

ஆனால் பஞ்சத்துக்கென்று ஒரு நிதி உருவாக்கப் புதிதாக வரியும் போட்டார்கள். அந்தப் பணம் 1878-ல் தொடங்கிய ஆப்கன் போருக்குத் திருப்பப்பட்டது என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே எழுந்தது. விதித்தொகுப்பு வந்த பிறகும் 1896-97, 1899-1900 பஞ்சங்கள் வந்தன. 1943-ல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தபோது, பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் விதிப்படி உதவ வேண்டியிருக்குமே!

வறட்சி வந்தால் வேலை கொடு என்ற யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது. 1970-களில் மகாராஷ்டிரா வறட்சியின்போது அது வேலை உறுதித் திட்டமானது. 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டமாக நாடு முழுக்க வந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1877-ல் முகாமில் வேலை என்பது ஏழையைச் சோதிப்பதற்கு. 2005-ல் அது அவர் கேட்டு வாங்கக்கூடிய உரிமை.

2016-ஐ ஞாபகம் இருக்கிறதா?

அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62% குறைவாகப் பெய்தது. 140 ஆண்டுகளில் இல்லாத வறட்சி என்றார்கள். 2016-ல் இருந்து 140-ஐக் கழித்துப் பாருங்கள்: 1876. அதே தாது வருஷம்!

2016-17-ல் கஷ்டம் இல்லையா? இருந்தது. காவிரி டெல்டாவில் பயிர் கருகியது. விவசாயிகள் மாண்டார்கள். டெல்லியில் போய் எலும்புக்கூடுகளோடு போராடினார்கள். அதைச் சின்ன விஷயமாக்க முடியாது. ஆனால் சேலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் காணாமல் போகவில்லை. ரேஷன் கடையில் விலையில்லா அரிசி இருந்தது. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு இருந்தது. செய்தி வந்தது, கேள்வி எழுந்தது, பதில் சொல்ல வேண்டிய அரசும் ஓட்டுக் கேட்டு வர வேண்டிய கட்சிகளும் இருந்தன. வானம் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் நடந்துகொண்டது. கீழே இருந்த ஏற்பாடு வேறு.

இதனால்தான் 1877-ல் நடந்த அந்த 450 கிராம், 680 கிராம் வாதம் இன்றைக்கும் முக்கியம். கார்னிஷும் டெம்பிளும் மோதிக்கொண்டது வெறும் 230 கிராம் தானியத்துக்காக, ஏறக்குறைய ஒரு பெரிய டம்ளர் அரிசி. ‘செலவு அதிகம்’, ‘இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்’, ‘தகுதியானவர்தானா என்று சோதிக்கணும்’ என்ற அன்றைய வாதங்கள் எதுவும் நமக்குப் புதிதல்ல. இன்றும் டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் கேட்கிறோம். அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேள்வி கேட்பது நம் உரிமை. கேட்கும்போது, அந்தத் தட்டில் இருந்து குறைக்கிற ஒரு டம்ளர் யாருடைய உயிர் என்பதையும் சேர்த்துக் கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்க, 1877-ல் இங்கே சாமானியனுக்கு ஓட்டும் இல்லை, ஆட்சியில் ஆளும் இல்லை.